இரண்டரை லீற்றர்

பாசையூரில், மண்ணெண்ணெய்க் கடை வாசலிலிருந்து
மதவடி வரைக்கும்
கான்களின் பிடிகளுக்குள்ளால் நைலோன் கயிறு ஓடியது.
ஆட்கள் போகலாம், வரலாம்.
கயிறு இடம் பிடித்து நிற்கும்.

நான் செபிக்கவில்லை. எண்ணினேன்.
எனக்கு முன்னால் ஐம்பத்திரண்டு.
என்னுடையது ஐம்பத்துமூன்று,
மூடி தொலைந்து பொலித்தீன் கட்டிய மஞ்சள் கான்.
ஒரு செபமாலைக்குச் சரியான கணக்கு என்று
மனம் சொல்லும் முன்பே
வாய் தன்பாட்டில் ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கிவிட்டது.
பழக்கம்தான்.
பக்தி என்று ஒருவரும் எழுதிவிட வேண்டாம்.

பதினேழாவது கானுக்குச் சொந்தக்காரர்
பெயரே செபமாலை;
மதில் நிழலில் சாய்ந்து
வாய் திறந்து நித்திரை.
இருபத்துநாலில் எனக்குக் கோபம் வந்தது.
வீட்டில் எஞ்சினைச் சாக்கால் போர்த்தி
கட்டிலுக்குப் பக்கத்தில் வளர்த்தியிருக்கிறார் கிறகோரி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
இரவில் எழும்பித் தொட்டுப் பார்க்கிறார்.
சங்கிலி வங்கியில்.
பாண் விலை ஆண்டவருக்குத் தெரியாததா?
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
அடுத்த கானுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் நவநாள்.
கரண்ட் இல்லை.
டோர்ச் வெளிச்சத்தில் சுவாமியார் வாசித்தார்,
விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் கதை.
‘எண்ணெய்’ என்ற சொல் வந்ததும்
கோயில் முழுக்கச் சிரித்தது.
சுவாமியாரும் சிரித்தார்,
டோர்ச் ஆடி
அந்தோனியாரின் முகமும் ஒருமுறை அசைந்தது.

நாலாம் நாள் கடை திறந்தது.
ஆளுக்கு ஐந்து லீற்றர்.
வெயில் ஏற ஏறக் கயிறு குறுகியது.
ஐம்பத்திரண்டாவது கான் பற்றிமாவுடையது.
சீட்டுக் காசில் பிரிந்து
இரண்டு பெருநாள் கதைக்காமல் போயிருந்தது.
நாலு நாளும் அவளுடைய முதுகைப் பார்த்து நின்றேன்,
சட்டையில் ஊசி குத்திய இடம்கூட எனக்குப் பாடம்.

அவளுக்கு ஊற்றி முடிய
கடைக்காரன் பரலைச் சரித்துக் காட்டினான்.
முடிஞ்சுது.
நான் அழவில்லை.
என்னுடைய கானின் பொலித்தீனை
ஏனோ இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

மதவடி தாண்டிப் போனவள் நின்றாள்.
திரும்பி வந்தாள்.
தெருவில் கிடந்த சோடாப் போத்தலை எடுத்து
அடியை அறுத்துப் புனலாக்கினாள்.
“பிடி கானை.”
இரண்டு பேரும் எண்ணெயைத்தான் பார்த்தோம்,
மெல்லிய நீலக் கயிறுபோல
அது இறங்குவதை.

சரிபாதி ஆனபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.
“புத்தியுள்ள கன்னியர் பங்கு குடுக்கேல்லை எல்லே?”
“நான் எங்கையடி கன்னி,
நாலு பெத்தனான்” என்றாள் பற்றிமா.

சிரித்தோம்.
புனல் சரிந்து செருப்பெல்லாம் மண்ணெண்ணெய்,
செபமாலை அண்ணை திரும்பிப் பார்க்க,
வயிறு நோகச் சிரித்தோம்,
இரண்டு வருசத்துச் சிரிப்பு.

வீட்டில் கிறகோரி கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.
“இது போகக் காணும். வர?”
“வரச் சோளகம் அடிக்கும்.”
சொன்ன பிறகுதான் எனக்கே பயம்.
விசுவாசம் என்பது இதுதானோ, விசரோ,
தெரியவில்லை.
கலியாணத்துக்குத் தந்த கட்டில் விரிப்பை
மடித்துக் கொடுத்தேன்.

அன்றிரவு மணி எடுத்து உருட்டவில்லை.
கான்களைத்தான் நினைத்தேன்,
ஒன்றொன்றாய்:
சிவப்பு, வெடித்தது, பெயர் கீறியது,
அடி உருகியது.
ஒவ்வொன்றின் பின்னாலும்
எஞ்சினைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கை.
எங்கேயோ நித்திரையானேன்.

விடியற்புறம் கரையில் சனம் சத்தம் போட்டது.
ஓடிப் போனேன்.
தெற்கே, சாம்பல் தண்ணீருக்கு மேல்
பெரிய பெரிய ரோசாப்பூக்கள்
காற்றுக் குடித்து வீங்கி வந்துகொண்டிருந்தன.
எங்கள் கட்டில் விரிப்பு
ஊர் முழுக்கப் பார்க்க.

நண்டு மூன்று கிலோவும் இல்லை.
பற்றிமா முழங்காலளவு தண்ணீரில் நின்று
கைதட்டிக் கத்தினாள்:
“மாப்பிள்ளை வாறார், விளக்கைக் கொளுத்துங்கோ!”