காரணம் என்றொரு கட்டம்

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி,
மலைப்பாதையில் முதல் வளைவுக்கு
பேருந்து கியர் மாற்றும் இடத்தில்
இடப்பக்கம் இறங்கினால்
மொத்தப் பிரதேசமும் வந்துவிடும்:
ஏழு பந்தல், இரண்டு கிணறு.
ஒன்றில் தண்ணீர்.

பன்னீர்த் திராட்சை.
மேலே காப்பிக்குக் கொடுத்து மீந்த மழையைத்தான்
சேர்வராயன் மலை எங்களுக்கு இறக்கும்.
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசியோ
கேட்காமலே வரும்.
லாரி கழுவுகிறவளைப் போல
இலை கழுவுகிறேன்.

மயில்துத்தம் கலக்கும் நாளில்
முழங்கை வரை நீலம்.
நடத்துனர் என் காசை
விரல் படாமல் எடுப்பார்.

பூசைக்கு மட்டும் என்று உரிமம்.
ஆயர் இல்லத்து முத்திரை ஒரு பக்கம்,
ஆட்சியர் அலுவலக முத்திரை ஒரு பக்கம்,
நடுவில் ஆ. பவுனம்மாள் ஆகிய நான்
பவுளம்மாள் என்று.
வருடத்துக்கு நானூறு லிட்டர்.
அதற்குள் இருந்தால் அது இரத்தம்.
ஒரு சொட்டு கூடினால்
சாராயம்.

பங்குனியில் வந்தார் கலால் தணிகாசலம்,
கையில் அளவுகோல், மூக்கில் கைக்குட்டை.
பீப்பாய் பீப்பாயாக இறக்கிப் பார்த்துவிட்டு
"முந்நூற்று எண்பத்தொன்பது" என்றார்.
"மீதி பதினொன்று?"

மரம் கொஞ்சம் குடிக்கும் சார்,
காற்று கொஞ்சம் எடுக்கும்.

"காற்றுக்கு உரிமம் இருக்கா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.

வாழவந்தியிலிருந்து கவாத்துக்கு இறங்கிவரும் தீர்த்தான்
கத்தரிக்கோலை நிறுத்தி
மலையைக் காட்டினான்.
"எங்க சாமி எடுத்திருக்கும்.
அதுக்கு யாரு கணக்கு கேக்கறது?"

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.

ஒன்பது லிட்டர் காற்றுதான், சத்தியம்.
இரண்டு, நான்.
ஐப்பசியில் ஒரே ராத்திரி மழையில்
நாலு பந்தல் பழமும் வெடித்தது.
விடிந்தால் குளவி மொய்க்கும் என்று தெரிந்து
கொட்டகையில் உட்கார்ந்தேன்.
எவர்சில்வர் டம்ளர்.
ஒன்றும் ஜெபிக்கவில்லை.
மூன்றாவது டம்ளரில்
சேலத்து விளக்கெல்லாம் கீழே நனைந்து கிடப்பது
அழகாகத் தெரிந்தது.
அதற்கப்புறமும் சில ராத்திரிகள் உண்டு,
மழை இல்லாமலே.

பேனாவை வாங்கி எழுதினேன்:
ஆவி.

பங்குச்சாமி படித்தால் ஒன்று,
தீர்த்தான் படித்தால் இன்னொன்று
(அவனுக்குப் படிக்கத் தெரியாது).
தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு என் எழுத்தை ஒட்டியே
சிவப்பு மையில் சேர்த்தார்: யாதல்.
கீழே கையெழுத்து, தேதி.

போகும்போது வீட்டுக்கு ஒரு கிலோ கேட்டார்,
புளிப்பில்லாததாக.
நிறுத்துக் கொடுத்தேன்.
காசு வாங்கினேன்.
சில்லறை கொடுத்தபோது
விரல் படாமல்தான் எடுத்தார் அவரும்.