நாலு புள்ளி ஆறு

ரம்பொடை வளைவில் பனி இறங்கும்போது
பின்சீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகப் பசிக்கும்.
யாரும் வெளியே பார்ப்பதில்லை,
போனைத்தான் பார்ப்பார்கள்.
"அண்ணே, இதுக்கு நாலு புள்ளி ஆறு.
எண்ணூத்திப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்காங்க.
அருவி தெரியுமாம்."
நான் சிக்னல் போடுகிறேன்.

அருவி தெரியும்தான்.
கண்ணாடிச் சுவர், மடித்த வெள்ளைத் துவாய்,
கழிவறையில் எலுமிச்சை வாசம்.
டிரைவருக்குச் சாப்பாடு இலவசம்:
பின்பக்கம், காஸ் சிலிண்டர்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சு.
அந்த எண்ணூத்திப் பன்னிரண்டு பேரில்
ஒருவரும் உட்காராத பெஞ்சு.

அங்கிருந்து எனக்குத் தெரிவது
மரியசெல்வியின் பேசின்.
காலை பத்து மணிக்குப் பிடித்த தண்ணீர்
பகல் இரண்டுக்கும் அதேதான்.
மோட்டர் பழுதாகி மூன்று கிழமை.
கேட்டால், நாடியால் அருவிப் பக்கம் காட்டுவாள்:
"அவ்வளவும் சும்மா கொட்டுது, பாத்தீங்களா."
மேசைக்குப் போன ரோல்சும் வடையும்
நாலு விரல் அழுத்திப் பார்த்த பிறகு
திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டியில் ஏறும்.
என் தட்டில் மட்டும் மீன் துண்டு பெரிசு.
வாயை மூட அது போதுமாக இருந்தது.

ஒரு தடவை யாரோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள்,
கரண்டியில் பழைய முட்டை காய்ந்திருந்ததாம்.
முதலாளி எங்களை வரிசையில் நிறுத்தி
ஆளுக்கு ஐந்து போடச் சொன்னார்.
நானும் எழுதினேன்: "மிகச் சுத்தம்."
எழுத்துப்பிழை கூட இல்லை.
மரியசெல்வியின் சம்பளத்தில்
ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.
மோட்டர் இன்னும் அப்படியே.

லபுக்கலைக்கு முன்னால் ஒரு தகரக் கடை இருக்கிறது.
சுத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்,
அரிசி மூட்டை மேல் பூனை தூங்கும்.
ஆனால் அடுப்பு முன்னால்.
தட்டில் புது லஞ்ச் ஷீட் விரிப்பதை,
கொதிக்கிற தண்ணீரில் கிளாஸ் புரள்வதை,
பார்த்துவிட்டு உட்காரலாம், பார்த்துவிட்டுப் போகலாம்.
இரண்டு தடவை கையைக் காட்டியிருக்கிறேன்.
"இதப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலியே அண்ணே."

இன்றைக்குத் திருகோணமலை நர்ஸ்மார் ஆறு பேர்.
நாலு புள்ளி ஆறைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
சிக்னல் போட்டுவிட்டேன், அடித்துக்கொண்டிருக்கிறது.
மூலைச் சீட்டிலிருந்து ஒருத்தி,
போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு,
"நீங்கள் எங்க சாப்பிடுறனீங்கள்?" என்கிறாள்.

கண்ணாடியில் ஆறு முகமும் நிமிர்ந்திருக்கிறது.
இத்தனை வருசத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.
வளைவு முடிய இன்னும் இருபது யார்.