மார்துவில் பனி தங்காத மேடு

துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகளைப்
பெட்டியில் அடுக்குகிறாள் ஹெல்வே.
மேலே சுண்ணாம்பு. அதன் கீழே
தொட்டால் விரல் கறுக்கும் களிப்பாறை.
அதற்கும் கீழே மணற்கல்,
வெட்டிப்போட்ட நகங்கள்போல்
அதில் கருஞ்சிப்பிகள்.

உயிரோடிருந்தபோது
இவற்றிடம் ஒன்றுமில்லை.
செத்து மணலில் புதைந்த பிறகுதான்
லாந்தனம், சீரியம், இட்ரியம்:
கடல் போட்ட வாய்க்கரிசி.
இன்னும் மெல்லாமல் வைத்திருக்கின்றன.

"டன்னுக்கு எத்தனை கிராம்?"
தாலினிலிருந்து போன்.
எண்ணைச் சொல்கிறாள்.
அவர்கள் கேட்காததைச் சொல்லவில்லை.

அன்று பாஸ்பேட்டுக்காகத் தோண்டியவர்கள்
களிப்பாறையை வேண்டாமென்று
வெளியே கொட்டினார்கள்.
காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொண்டது.
ஆண்டுக்கணக்கில் புகைந்தது.
ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் கோட்டில்
அணைத்த தீக்குச்சி வாடை.
ஜனவரியில் ஊரே வெளுத்துக் கிடக்க
அந்த மேட்டில் மட்டும் பனி தங்காது.
தெருப்பூனைகள் எல்லாம்
அங்கேதான் படுத்திருக்கும்.

தண்டிலிருந்து ஒரு சிப்பி
உதிர்ந்து உள்ளங்கையில் விழுகிறது.
எந்த ஆழத்தில் இருந்ததென்று
குறிக்கத் தவறிவிட்டாள்.
திரும்ப வைக்க இடமில்லை.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
அடுத்த பெட்டியைத் திறக்கிறாள்.