பெற்றோர் வேண்டுகோளின்படி

அஸ்தம்பட்டிப் பள்ளியில்
மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்து
படிவத்தை என் பக்கம் திருப்பி நகர்த்தினார்கள்.
மாற்றுச் சான்றிதழ்.
விலகும் காரணம் என்ற கட்டத்தில்
ஏற்கெனவே அச்சாகியிருந்தது
என் வேண்டுகோள்.

நான் எதையும் வேண்டவில்லை.
ஏற்காடு வண்டியில் முதல் நடைக்குப்
பை மாட்டப் போனவனைக்
கூப்பிட்டவர்கள் அவர்கள்.

"அமைதியா முடிச்சுக்கலாம் சார்.
ரெக்கார்டுல ஒண்ணும் வராது.
வேற ஸ்கூல்ல பையன் நல்லா வருவான்."

மாதேஷ் அடித்தது உண்மை.
ஜாமெட்ரி பாக்ஸால், நெற்றியில், மூன்று தையல்.
அந்தப் பையன் சொன்ன வார்த்தையும் உண்மை;
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
தையல் போட்ட வீட்டுக்கு முந்தின இரவே போய்
வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.
அது வேறு கணக்கு.

இரண்டு வருடம் முன்பு
பையில் பதினான்கு ரூபாய் குறைந்ததற்குப்
பணிமனை எனக்கு மெமோ கொடுத்தது.
குற்றச்சாட்டு எழுத்தில். விளக்கத்துக்குப் பதினைந்து நாள்.
விசாரணையில் பக்கத்தில் உட்கார ஒரு துணை ஆள்.
பதினான்கு ரூபாய்க்கு இத்தனை நாற்காலி.
பன்னிரண்டு வயசுக்கு
மூடி கழற்றிய ஒரு பேனா.

அன்று துணைக்கு உட்கார்ந்த செங்கோடனுக்கு
வராந்தாவிலிருந்து போன் போட்டேன்.
"ஏழாவதா? கையெழுத்துப் போட்டுடாதே.
எட்டு முடியிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும்
நீக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம், பதினாறாம் பிரிவு.
கண்டிக்கட்டும், கூப்பிட்டுப் பேசட்டும், உன்னையும் திட்டட்டும்.
அனுப்புறேன்னா மட்டும்
எழுதிக் கொடுக்கச் சொல்லு."

ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு
உள்ளே போய்க் கேட்டேன்:
அனுப்புவது நீங்கள் என்றால்
உங்கள் காரணம், உங்கள் கையெழுத்து, உங்கள் முத்திரை.

முதல்வர் தண்ணீர் குடித்தார்.
அவ்வளவு நேரம் யாருக்கும் எழுத்து வரவில்லை.

நானே எழுதினேன், வெள்ளைத்தாளில், இரண்டு பிரதி.
என் மகன் இங்கேயே தொடர்ந்து படிப்பான்.
நகல்: மாவட்டக் கல்வி அலுவலர், சேலம்.
பெற்றுக்கொண்டதற்கு சீல் கேட்டதும்
எழுத்தர் பெண் முதல்வரைப் பார்த்தாள்,
பிறகு மை அட்டையைத் தேடினாள்,
கால்மணி நேரம்,
மேசை மேலேயே இருந்ததை.

மதிய நடைக்கு அவனையும் ஏற்றிக்கொண்டேன்.
பன்னிரண்டு ஆகிவிட்டது, முழு டிக்கெட் அடித்தேன்.
ஒன்பதாவது வளைவில் வழக்கம்போல
யாரோ வாந்தி எடுத்தார்கள்.
"இறக்கி விட்டுட்டுப் போங்கய்யா" என்றது பின்சீட்டு.
எலுமிச்சம்பழம் கொடுத்து ஜன்னலோரம் மாற்றினேன்.

பதினேழாவதில் மாதேஷ் கேட்டான்:
"நாளைக்கு அவன் பக்கத்துலயேதான்
உட்கார வெப்பாங்களாப்பா?"

ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்
அதற்கு ஒரு பிரிவும் இல்லை.
சில்லறையை மறுபடி எண்ணினேன்.