இருபத்துமூன்று பேருக்கான அறை

பாசலில், எங்கள் தொடர்மாடியின் அடியில்
என் கையளவு தடித்த கொங்கிரீற் கதவு ஒன்று உண்டு.
குண்டு விழுந்தால் உள்ளே போகவேண்டும்.
விழும்வரை
ஏஷ்பாகர் வீட்டார் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறார்கள்,
மூன்றாம் மாடிப் பெடியன் காற்றுப்போன சைக்கிள்,
நான்
பதினேழு மாலைநேரக் கவுன்கள்.

எல்லாம் நான் பிறக்குமுன் தைத்தவை.
பாரம் இழுத்துத் தோள் கிழியுமென்று
மணி கோர்த்தவற்றைக் கிடத்தியிருக்கிறேன்.
மற்றவை வெள்ளைப் பருத்தி உறைக்குள் தொங்குகின்றன.
உறையை அவிழ்த்தால்
முதலில் பவுடர், பிறகு யாருடையதோ சிகரெட்,
கடைசியில் கக்கத்தில், அறுபது வருடம் போயும்,
வியர்வை.
அதை நான் கழுவுவதில்லை.

ஸ்கார்பரோவிலிருந்து தங்கச்சி கேட்கிறாள்:
போடாத சட்டைக்கு ஏனக்கா இவ்வளவு காசு?
போட்டால் தையல் விடும் என்றேன்.
அவளுக்கு அது பதிலாய்ப் படவில்லை.
எனக்கும்தான்.

பகலில் மருந்துக் கம்பனியில் வேலை.
ஒரு மாத்திரை கரைய எத்தனை நிமிடம் என்று பார்த்து எழுதுவேன்.
அந்தப் புத்திதான் சந்தைக்கும் கூட வருகிறது.
எல்லை தாண்டி, மூலூஸில், ஒரு ஞாயிறு
மழைக்கு பிளாஸ்டிக் விரித்த மேசையில்
கருநீலப் பட்டு ஒன்று குவிந்து கிடந்தது.
கழுத்தின் உள்ளே பாரிஸ் தையல் வீடொன்றின் பெயர்.
விற்றவர் அந்தப் பெயருக்குத்தான் விலை சொன்னார்.
பெயர்த்துண்டைத் தைத்த நூலில் ஒரு நுனி கேட்டு
லைட்டரில் பிடித்தேன்.
சொட்டியது. பிளாஸ்டிக் நாற்றம்.
கீழ்மடிப்பிலிருந்து இன்னொரு நுனி.
முடி கருகும் மணம்,
விரலில் நசுங்கும் கரி.
பட்டு.

உடுப்பு மெய். பெயரைத்தான் பிறகு யாரோ
அவசரத்தில் தைத்திருக்கிறார்கள்.
மனிதர் சிவந்துபோய் விலையைப் பாதியாக்கினார்.
ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது
என் முதல் அனுமதி அட்டை நினைவில் வந்தது.
பிறந்த திகதி: ஜனவரி ஒன்று.
எங்கள் முகாமில் பதினொரு பேர் அன்றைக்குப் பிறந்திருந்தோம்.

பெயர்த்துண்டை நான் பிரிக்கவில்லை.

மார்ச்சில் நகரசபையிலிருந்து கடிதம்:
பத்தாண்டுக்கொருமுறைச் சோதனை.
வந்தவர் பெயர் வூத்ரிஷ். முழங்கால் நோவுக்காரர்,
படியிறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கினார்.
கதவின் ரப்பரைத் தடவினார், நெம்புகோலை இழுத்தார்,
விளக்கைப் போட்டதும்
ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.
இருட்டுக்குள் இத்தனை பேர்
தலையில்லாமல் நின்றால் யாருக்கும் அப்படித்தான்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார்.
போர் வந்தால் ஐந்து நாளில் காலிசெய்யவேண்டும்,
அது சட்டம் என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஐந்து நாள்!
எங்கள் வளவில் வெட்டிய பங்கர்
'ட' எழுத்து வடிவம்; மேலே பனங்குற்றி, மண்மூட்டை.
கதவு இல்லை.
கிபிர் சத்தம் கேட்டு எண்ணத் தொடங்கினால்
பத்து வரமுன் உள்ளே இருக்கவேண்டும்.
அவர் காத்திருந்தார்.
ஐந்து நாள் காணும் என்றேன்.

கடைசியாகக் காற்றுப்பொறி.
மின்சாரம் நின்றால் கையால் சுற்றுவது.
இரும்புக் கைப்பிடியை அவர் சுற்றச் சுற்ற
அது முதலில் இருமியது,
பிறகு எங்கேயோ வெளியிலிருந்து, புல் மணத்தோடு,
காற்று வந்தது.
பதினேழில் தொங்கியவை எல்லாம் மெல்ல அசைந்தன.
ஒரு உறை, கருநீலத்தினுடையது,
அரைவட்டம் திரும்பி நின்றது.

வூத்ரிஷ் சுற்றுவதை நிறுத்தவில்லை.
சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்;
மூன்று நிமிடமாவது சுற்றியிருப்பார்,
முழங்கால் நோவோடு,
ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு பேனாவைத் திறந்து
படிவத்தை முழங்கையில் வைத்து எழுதினார்:
கொள்ளளவு இருபத்துமூன்று பேர்.
கதவு சரி. காற்று சரி.
குறிப்புகள் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து,
உலர்வாக உள்ளது.