ஒக்டோபர் முப்பது

இண்டைக்கு மூண்டு கேக்.
கடை ரேடியோவில ‘வரலாற்றில் இன்று’ போகுது.
ஆர்ஜென்டினாவில ஒரு பந்தாட்டக்காரன் பிறந்தானாம்,
ஆபிரிக்காவில விடியமுன்னம்
ஒரு குத்துச்சண்டை நடந்ததாம்.
அறிவிப்பாளப் பிள்ளைக்கு நல்ல குரல்.
பிறகு சீமெந்து விளம்பரம்.
நான் கூம்புக்குள்ள ஐசிங் நிரப்பிறன்.

முதலாவது தர்ஷாயினிக்கு.
தொண்ணூற்றைஞ்சில, நாவற்குழிப் பாலத்தடியில,
ஊர் முழுக்க ஒரே றோட்டில நெரிஞ்சு நிண்ட மழை ராத்திரி,
ஆளை ஆள் தெரியாத நாலு பேர்
படங்கு ஒண்டைத் தூக்கிப் பிடிச்சு நிக்க
அதுக்குக் கீழ பிறந்தவள்.
தாய் ஒவ்வொரு வருசமும் சொல்லுவா:
“அதைப்பற்றி ஒண்டும் வேண்டாம் தம்பி, ஒரு ரோசாப்பூ போதும்.”
இந்த வருசம் மகளே வந்தாள். வங்கியில வேலை.
“பாலம் ஒண்டு கீறுவீங்களோ அண்ணை?”
கீறினன். தூண்கள் நேராய் வரேல்ல.

இரண்டாவது குருநகர் கெவினுக்கு.
நீலமும் வெள்ளையும், நடுவில பத்தாம் நம்பர்.
பந்தாட்டக்காரன்ர நாளில பிறந்ததை விட
அவனுக்கு வேற வரலாறு இல்லை.
பத்து வயசு. இல்லாமலே இருக்கட்டும்.

மூண்டாவதுக்கு ஓடர் இல்லை.

தொண்ணூறில எனக்குப் பதினேழு, இதே தெருவில எடுபிடி.
பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, விறகுப் போறணை.
ஐந்து சந்தி நிலாம்தீன் நானா
கடதாசிச் சரையில சீனியும்
உமிக்குள்ள வைச்சு ஐஞ்சு முட்டையும் கொண்டுவந்தார்.
மகள் ஷிஃபானாவுக்கு ரெண்டு வயசு முடியுதாம்.
கலர் இல்லை. பீற்றூட் பிழிஞ்சு
அவளின்ர பேரை எழுதினன்.
என்ர கையால எழுதின முதல் பேர்.
“பின்னேரம் வந்து எடுக்கிறன்” எண்டார்.

செவ்வாய்க்கிழமை. காலமை
ஒலிபெருக்கி கட்டின வாகனம் போச்சு.
ஜின்னா மைதானத்துக்கு வரட்டாம் எல்லாரையும்.
பின்னேரம் சோனகதெருவில
கோழிகள் மட்டும் நிண்டது.
முதலாளி பலகைக் கதவை அரைவாசி சாத்தச் சொன்னார்.
சாத்தினன்.
மிச்ச அரைவாசிக்குள்ளால பார்த்தன்.

மூண்டு நாள் வைச்சிருந்தம்.
நாலாம் நாள் எறும்பு.
பேர் இருந்த பக்கத்தை ஒதுக்கி வெட்டி
தின்டம்.
பிறகு பேரையும்.
சீனி அவருடையது. இனிப்பாத்தான் இருந்தது.

ஐஞ்சு வருசத்தால, அதே திகதியில, நாங்களும் போனம்,
போறணைக்குள்ள பாண் வெந்தபடி.
“கணக்குச் சரி” எண்டார் ஒருத்தர், சாவகச்சேரிப் பள்ளிக்கூடமொண்டில
ஈரச் சாரத்தைப் பிழிஞ்சுகொண்டு.
நான் அப்பிடிச் சொல்லமாட்டன்.
திகதிக்குக் கண் இல்லை, தராசும் இல்லை.
நாங்கள் ஆறு மாசத்தில திரும்பி வந்தம்.

போன கிழமை பள்ளிவாசலடியில விசாரிச்சன்.
“எந்த நிலாம்தீன்?” எண்டார்கள்.
புத்தளத்தில மூண்டு பேராம், மௌத்தானவர் ரெண்டு பேராம்.
எனக்கு வாப்பா பேர் தெரியாது,
தெரிஞ்சதெல்லாம் அந்தச் சரையின்ர நிறை.

பின்னேரம் தர்ஷாயினி வந்தாள்.
கோணல் தூண்களைப் பார்த்துச் சிரிச்சாள்.
கண்ணாடிக்குள்ள மற்றதைக் கண்டிட்டுக் கேட்டாள்:
“இதாருக்கு? என்ர நாளிலயோ?”
“ஓம். உம்மை விட ஏழு வயசு மூப்பு.”
“வந்து எடுப்பாவோ?”
ரேடியோவில பாட்டுப் போச்சு.
நான் மிச்சக் காசை எண்ணினன், ரெண்டு தரம்.

எட்டரைக்குக் கடை பூட்டிறது.
இண்டைக்குப் பத்து மட்டும் லைற் எரியட்டும்.
உதவிக்கு நிக்கிற பொடியன்
கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிக்கிறான், பதினேழு வயசு.
கத்தியைக் கழுவி
என்ர லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கிறன்.