இயந்திரம் வரும்வரை

இயந்திரம் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் நிற்கிறது.
ஏதோ ஒரு கையெழுத்து விழவில்லையாம்.
கையேடு மட்டும் முந்தி வந்துவிட்டது,
குதிரைக்கு முன்னால் வந்த லாடம் மாதிரி.
பயிற்சி ஆறு மாதம். இரண்டு கழிந்தது.
கிட்வே நகரத்துத் தகரக் கொட்டகையில்
பதினெட்டுப் பேர் சும்மா இருக்கிறோம்.

கசோண்டேதான் சாக்பீஸ் எடுத்தாள்.
கையேட்டின் நாற்பதாம் பக்கத்தைப் பார்த்துத்
தரையில் வட்டம் போட்டாள்.
"இது பீடம். புபே, நீ ஏறி நில்.
இனி நீ ஆறு மூட்டுள்ள ஒரு கை."

இயந்திரத்துக்கு ஒரே கைதானே,
இடக்கையை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டான்.
விதி ஒன்றுதான்: தானாக எதையும் புரிந்துகொள்ளக் கூடாது.
எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிறவன் புபே.
எள் என்றால் எள்ளாக மட்டும் நிற்க
அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது.

"இரண்டாம் மூட்டு, முப்பது பாகை.
மூன்றாம் மூட்டு, இறக்கு. பிடி."
பிடித்தான், காலிச் சோடா பாட்டிலை.
"திருப்பு. வை."
வைத்தான். விடவில்லை.
விடு என்று யாரும் சொல்லவில்லை.
தேநீருக்கு மணி அடித்தது, போய்விட்டோம்.
திரும்பி வந்தால்
வியர்வை சொட்டச் சொட்ட
அதே பாட்டிலை அதே இடத்தில் அழுத்தியபடி நிற்கிறான்,
கண்ணில் மட்டும் கொஞ்சம் கெட்ட வார்த்தை.

அன்று மாலை கசோண்டே
நிரலின் கடைசி வரியை
முதலில் எழுதினாள்.

வெளியே செம்புத் தகடு ஏற்றிய லாரிகள்
அதே துறைமுகத்துக்குத்தான் போகின்றன.
போகிற பக்கம் எந்தக் கையெழுத்தும் தடுக்கவில்லை.
அந்தப் பெட்டிக்குள் சுற்றியிருக்கும் கம்பி
நம்ம மண்ணாகவும் இருக்கலாம் என்றான் சிசாலா.
யாரும் பதில் சொல்லவில்லை.
மதியம். தகரத்தில் வெயில்.

ஆறாம் மாதம் வந்தது இயந்திரம்.
வேறு மாடல்.
எண்ணிப் பார்த்தோம், ஏழு மூட்டு.
கையேட்டில் இல்லாத அந்த ஒன்று எதற்கு?
பயிற்சியாளர் தலைமை அலுவலகத்துக்கு
மின்னஞ்சல் அனுப்பப் போனார்.

புபே தன் வலக்கையைச் சுவரில் ஊன்றினான்.
உள்ளங்கை நகரவில்லை, தோள் நகரவில்லை,
முழங்கை மட்டும் மேலே ஏறி இறங்கியது,
நெரிசல் மினிபஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு
இடம்விட்டு ஒதுக்குவோமே, அப்படி.
"இதுதான். நான்கு மாதமாக
அசையாதே அசையாதே என்று
நீங்கள் பிடித்து வைத்திருந்தது இதைத்தான்."

சுரங்க நிறுவனத்தின் விண்ணப்பத்தில்
முன் அனுபவம் என்று ஒரு கட்டம்.
எல்லோரும் கோடு போட்டோம்.
அவன் எழுதினான்:
நான்கு மாதம் இயந்திரமாக வேலை பார்த்திருக்கிறேன்.
அடித்துவிடு, சிரிப்பார்கள் என்றாள் கசோண்டே.
அடிக்கவில்லை.

பதில் இன்னும் வரவில்லை.
தரையில் அந்த வட்டம் இருக்கிறது.
அடுத்த அணியில் ஒருத்தி, பெயர் தெரியாது,
கூட்டும்போது
அதைச் சுற்றிக் கூட்டுகிறாள்.